பன்னிரண்டரை பவுண்டு காற்று: ஒரே ஆட்டத்தை இரண்டாகப் பார்த்த ரசிகர்கள்

2015 ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபாக்ஸ்பரோ ஊரின் ஜில்லெட் ஸ்டேடியம். குளிர், கூடவே மழை. அமெரிக்கக் கால்பந்து அணிகளான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும் ஆட்டம். ஜெயிக்கிற அணி சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்துக்குப் போகும். இரண்டாவது கால்பகுதியில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி எறிந்த ஒரு பந்தை கோல்ட்ஸ் வீரர் டிக்வெல் ஜாக்சன் நடுவில் பாய்ந்து பிடித்துவிட்டார். அந்தப் பந்து கோல்ட்ஸ் ஆட்கள் கைக்குப் போனது. அவர்கள் காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார்கள். காற்று குறைவாக இருந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். இந்த அணிகள் ஆடும் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் ஆட்டத்தில் ஒவ்வொரு அணியும் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்துகளைத்தான் பயன்படுத்தும். வெளியூர் ஆட்டத்துக்கும் தன் பந்துகளையே கொண்டுபோகும் உரிமை 2006இல் வந்தது. அதைக் கேட்டு வாங்கிய குவார்ட்டர்பேக்குகளில் பிரேடியும் ஒருவர், பெய்ட்டன் மேனிங் இன்னொருவர். பந்தை அவரவர் கைக்கு ஏற்றபடி தேய்த்து, பழக்கி வைத்துக்கொள்ளலாம். காற்றழுத்தத்துக்கு மட்டும் எல்லை உண்டு: சதுர அங்குலத்துக்கு 12.5 பவுண்டிலிருந்து 13.5 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். பிரேடிக்குப் பிடித்தது 12.5, அதாவது விதி அனுமதிக்கும் கடைசிப் படி. காற்று குறைந்த பந்து விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். ஈரத்திலும் குளிரிலும் பிடி வழுக்காது.

கோல்ட்ஸுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னாலேயே லீக்குக்கு எழுதித் தெரிவித்திருந்தார்கள். அதனால் இடைவேளையில் நடுவர் குழு இரு அணிகளின் பந்துகளையும் தங்கள் அறைக்குக் கொண்டுபோய் அளந்தது. அப்போது பேட்ரியட்ஸ் 17-7 என முன்னிலை. பந்துகளுக்குச் சரியாகக் காற்றடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் பாதியில் பேட்ரியட்ஸ் 28 புள்ளி எடுத்தது, கோல்ட்ஸ் ஒன்றும் எடுக்கவில்லை. முடிவு 45-7.

ஆட்டத்தின் முடிவைக் காற்று மாற்றவில்லை என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது. அப்படியிருந்தும் அதன்பின் இரண்டு வருஷம் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போய் ஒரு நாட்டின் விளையாட்டு ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பிரேடி தப்பு செய்தாரா இல்லையா என்பதைவிட, இத்தனை லட்சம் பேர் தங்களுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத ஒன்றில் எப்படி இவ்வளவு உறுதியானார்கள் என்பதுதான். அந்த உறுதிக்கு இடம் கொடுத்தது எழுதி வைக்கப்படாமல் போன ஒரு சின்னக் குறிப்பு.

பழைய கணக்கு

இண்டியானாபொலிஸ் பத்திரிகையாளர் பாப் கிராவிட்ஸ் அன்றிரவே செய்தியை வெளியிட்டார். ஓரிரு நாளில் ஈஎஸ்பிஎன் நிருபர் கிறிஸ் மார்ட்டென்சென், பேட்ரியட்ஸின் 12 பந்துகளில் 11இல் தலா 2 பவுண்டு குறைவு என்று சொன்னார். அதற்குப்பின் பெரும்பாலான ஊர்களில் விசாரணை முடிந்த மாதிரிதான். "டிஃப்ளேட்கேட்", காற்றை இறக்கிய ஊழல், என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 22இல் பிரேடி பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்தார். நீங்கள் ஏமாற்றுக்காரரா என்று நேராகவே கேட்டார்கள். "அப்படி நான் நினைக்கவில்லை" என்ற பொருளில் பதில் சொன்னார். இந்த ஒரு பதிலை வைத்தே இரண்டு தரப்பும் வாதாடின. நிரபராதி என்றால் "இல்லை" என்றுதானே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள் வெளியூர் ரசிகர்கள். அளந்து பேசும் மனுஷன் அப்படித்தான் பேசுவார் என்றார்கள் பேட்ரியட்ஸ் ரசிகர்களான பாஸ்டன்காரர்கள்.

வெளியூர்க்காரர்கள் இவ்வளவு சீக்கிரம் நம்பியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 2007 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸுடன் ஆடும்போது, எதிரணிப் பயிற்சியாளர்கள் கையால் காட்டும் சைகைகளைப் பேட்ரியட்ஸ் ஆள் ஒருவர் மைதான ஓரத்திலிருந்து படமெடுத்துப் பிடிபட்டார். தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம், அணிக்கு இரண்டரை லட்சம், அதோடு 2008ஆம் ஆண்டின் முதல் சுற்றில் கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் போனது. கைப்பற்றிய டேப்புகளை லீக்கே அழித்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று வெளியே யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. பென்சில்வேனியாவின் செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டர் இதைக் கேள்வி கேட்டுப் பெரிதாக்கியும் பலன் இல்லை. பேட்ரியட்ஸிடம் தோற்ற ஒவ்வொரு ஊருக்கும், அந்த டேப்பில் தங்கள் ஆட்டமும் இருந்திருக்குமோ என்ற வலி மிச்சமானது. டிஃப்ளேட்கேட் வந்தபோது அந்த ஊர்கள் பந்தைப் பற்றி மட்டும் பேசவில்லை, எட்டு வருஷமாக மனசில் வைத்திருந்ததையும் சேர்த்துத்தான் பேசின. 2015 செப்டம்பரில் ஈஎஸ்பிஎன் எழுதிய நீண்ட கட்டுரையும் இதைத்தான் சொன்னது: அன்று லேசாக விட்டதற்கு இன்று கடுமையாகத் தண்டித்து லீக் ஈடுகட்டுகிறது என்ற எண்ணம் மற்ற அணி முதலாளிகளிடமே இருந்ததாம்.

நீண்டு வளைந்த ஊசி

இப்போது அந்த அளவீட்டுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது.

தலைமை நடுவர் வால்ட் ஆண்டர்சனிடம் இரண்டு கேஜ்கள் இருந்தன. ஒன்றின் பின்புறம் கம்பெனி முத்திரை உண்டு, அதன் ஊசி நீளமாக, கொஞ்சம் வளைந்து இருக்கும். இன்னொன்றில் முத்திரை இல்லை, ஊசி குட்டை. ஒரே பந்தை இரண்டிலும் அளந்தால் முத்திரை போட்டது சுமார் 0.3 முதல் 0.45 பவுண்டு வரை அதிகமாகக் காட்டும். ஆட்டத்துக்கு முன் ஆண்டர்சன் பந்துகளை அளந்தார். பேட்ரியட்ஸ் பந்துகள் 12.5 அளவிலும் கோல்ட்ஸ் பந்துகள் 13 அளவிலும் இருந்ததாக அவருக்கு நினைவு. எண்களை எழுதி வைக்கவில்லை. எந்தக் கேஜில் அளந்தோம் என்றும் எழுதவில்லை.

இடைவேளையில் இரண்டு நடுவர்கள் ஆளுக்கொரு கேஜோடு பேட்ரியட்ஸின் 11 பந்துகளை அளந்தார்கள். முத்திரைக் கேஜில் சராசரி 11.49, மற்றதில் 11.11. எல்லாமே 12.5க்குக் கீழே. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கைத்தான் அளந்தார்கள், அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த நான்கும் ஒரு கேஜில் விதிக்குள் இருந்தன, இன்னொரு கேஜிலோ நான்கில் மூன்று விதிக்குக் கீழே. மார்ட்டென்சென் சொன்ன 2 பவுண்டு குறைவு? ஒரே ஒரு பந்து, அதுவும் ஒரு கேஜில் மட்டும், 10.50 காட்டியது. மற்ற எதுவும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. சரியான எண்கள் மே மாதம் அறிக்கையில் வரும் வரை தவறான எண்ணே நாடு முழுக்கச் சுற்றியது. எண்கள் கையில் இருந்தும் லீக் அதை வெளிப்படையாகத் திருத்தவில்லை. நியூ இங்கிலாந்து ரசிகர்கள் லீக்கை மன்னிக்காததற்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் காரணம், நியாயமான காரணமும்கூட.

சரி, காற்று தானாகக் குறையுமா? குறையும். விடிகாலைக் குளிரில் பைக்கை எடுக்கும்போது டயர் கொஞ்சம் தொய்ந்திருக்குமே, அதே கணக்குதான். கேஜ் காட்டும் 12.5உடன் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7ஐச் சேர்த்தால் 27.2. அறையின் வெப்பம் சுமார் 21 டிகிரி செல்சியஸ், மைதானத்தில் சுமார் 9 டிகிரி. இந்த வித்தியாசத்தில் மொத்த அழுத்தம் ஏறத்தாழ 4 சதவீதம் இறங்கும். கழித்துப் பார்த்தால் கேஜில் 11.4 பக்கம் வரும். லீக் வைத்துக்கொண்ட எக்ஸ்போனன்ட் நிறுவனமே எதிர்பார்க்கத்தக்க அளவு 11.32க்கும் 11.52க்கும் இடையில் என்று கணக்கிட்டது.

இரண்டு சராசரியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டர்சன் முன்பு அளந்தது முத்திரைக் கேஜ் என்றால் 11.49, குளிரே போதுமான விளக்கம். குட்டை ஊசிக் கேஜ் என்றால் 11.11, யாரோ கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டிருக்கலாம். தான் பயன்படுத்தியது நீண்டு வளைந்த ஊசியுள்ள கேஜ்தான் என்பது ஆண்டர்சனின் நினைவு. லீக்குக்காக விசாரித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸ் அவருடைய மற்ற நினைவுகளை எல்லாம் ஏற்றுக்கொண்டு இதை மட்டும் ஏற்கவில்லை, குட்டை ஊசிதான் என்று முடிவு கட்டினார்.

இப்படிச் சொல்வதால் எல்லாம் குளிரால் வந்ததுதான் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. 2015 மே 6இல் வந்த 243 பக்க அறிக்கையில் இயற்பியலோடு சேராத விஷயங்களும் இருந்தன. நடுவர் அறையைப் பார்த்துக்கொண்ட பேட்ரியட்ஸ் ஊழியர் ஒருவர் நடுவரிடம் சொல்லாமல் பந்துப் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார். வழியில் ஒரு கழிப்பறைக்குள் நுழைந்து 1 நிமிடம் 40 விநாடி இருந்தார். கேமராவில் பதிவாகியிருக்கிறது. அதே ஊழியர் 2014 மே மாதம் ஒரு குறுஞ்செய்தியில் தன்னை "டிஃப்ளேட்டர்", காற்றை இறக்குபவன், என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உடல் எடை குறைப்பதைப் பற்றிய பேச்சு என்று அணி விளக்கம் கொடுத்தது. பேட்ரியட்ஸ் ரசிகர்களிலேயே பலர் அந்த விளக்கத்தை வாங்கிக்கொள்ளச் சிரமப்பட்டார்கள்.

வெல்ஸின் முடிவு: இரண்டு ஊழியர்கள் வேண்டுமென்றே காற்றை இறக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம், பிரேடிக்கு அது பொதுவாகவாவது தெரிந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். ஐந்து நாள் கழித்துத் தண்டனை வந்தது. பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம், 2016இன் முதல் சுற்றுத் தேர்வும் 2017இன் நான்காம் சுற்றுத் தேர்வும் பறிப்பு.

நியூ இங்கிலாந்தின் கோபம்

தண்டனை வந்த மறுநாளே பார்ஸ்டூல் ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டு இணையதளத்தின் ஆட்கள் நான்கு பேர் நியூயார்க்கில் லீக் தலைமையகத்துக்குள் போய்க் கைவிலங்கால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டுபோனது. "பிரேடியை விடுதலை செய்" என்ற டி-ஷர்ட்டுகள் விற்றுத் தீர்ந்தன. ரசிகர்களின் வாதங்களில் ஒன்று என்னை நிறுத்தியது: பால்டிமோர் அணி வீரர் ரே ரைஸ் தன் வருங்கால மனைவியை அடித்ததற்கு 2014 ஜூலையில் லீக் முதலில் கொடுத்தது 2 ஆட்டத் தடை. அடிப்பதைக் காட்டும் வீடியோ வெளியே வந்தபிறகுதான் அது கூடியது. காற்றுக்கு 4, ஒரு பெண்ணை அடித்ததற்கு 2. தங்கள் ஆளைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் சொன்னார்கள் என்பதால் இது தவறான கேள்வி ஆகிவிடாது.

மே 19இல் அணி முதலாளி ராபர்ட் கிராஃப்ட் மேல்முறையீடு இல்லை என்று பணிந்தார். ரசிகர்களுக்கு லீக் அடித்ததைவிட இது அதிகம் வலித்தது. ஜூலை 28இல் லீக்கின் கமிஷனர் ராஜர் குடெல் தடையை உறுதி செய்தார். அந்த உத்தரவில்தான் பிரேடி தன் பழைய கைபேசியை அழித்துவிட்டது வெளியே வந்தது. வெல்ஸிடம் பேசிய நாளை ஒட்டியே அது நடந்தது. நான்கு மாதத்தில் ஏறத்தாழ 10,000 குறுஞ்செய்திகள் அதில் போய் வந்திருந்தன. புது போன் வாங்கினால் பழையதை அழிப்பது தன் வழக்கம் என்றார் பிரேடி. விசாரணை நடக்கும்போது அதைச் செய்தது பெரிய தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. வெளியூர் ரசிகர்களுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. 2007இல் லீக் டேப்பை அழித்தது, 2015இல் பிரேடி போனை அழித்தார். இரண்டு தடவையும் ரசிகர் கையில் மிஞ்சியது ஊகம் மட்டும்தான்.

மறுநாள் கிராஃப்ட், லீக்கை நம்பியது தன் தவறு என்று ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். செப்டம்பர் 3இல் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். ஒரு வாரத்தில் ஃபாக்ஸ்பரோவில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுடன் சீசனின் முதல் ஆட்டம். குடெல் வரவில்லை. "ராஜர் எங்கே? ராஜர் எங்கே?" என்று ஸ்டேடியமே கோஷம் போட்டது. அதே இரவில் ஸ்டீலர்ஸ் பயிற்சியாளர்களின் ஹெட்செட்டில் பேட்ரியட்ஸின் வானொலி வர்ணனை கேட்டது. மின்சாரக் கோளாறு என்றது லீக். நாடு முழுக்க யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஸ்டேடியத்தில் ஒரு ஒயர் பழுதானாலும் அதற்குப் பின்னால் ஆள் இருக்கிறான் என்று நம்பும் நிலை வந்துவிட்டது.

வழக்கு அதோடு முடியவில்லை. 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. பிரேடி காற்றை இறக்கச் சொன்னாரா என்பதை அது தீர்மானிக்கவில்லை. தொழிலாளர் ஒப்பந்தப்படி கமிஷனருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று மட்டுமே பார்த்தது. இந்த வேறுபாடு ரசிகர்களிடம் போய்ச் சேரவே இல்லை. பெர்மன் தீர்ப்பு வந்தபோது "நிரபராதி" என்று கொண்டாடியவர்களும், இந்தத் தீர்ப்பைப் பார்த்து "குற்றவாளி" என்று கொண்டாடியவர்களும் ஒரே தவறைத்தான் செய்தார்கள்.

இதற்கிடையில் சில ரசிகர்கள் பறித்த தேர்வுரிமையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி லீக் மேலேயே வழக்குப் போட்டுத் தோற்றார்கள். எம்ஐடி பேராசிரியர் ஜான் லெனர்ட் அழுத்தக் கணக்கை ஒரு வகுப்பாகவே எடுத்தார். 21 பேராசிரியர்கள் இயற்பியலை விளக்கி நீதிமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். வாயு விதிகளைப் பள்ளியோடு மறந்துபோன ஆயிரக்கணக்கானோர் அதைத் திரும்பப் படித்தார்கள் என்றால் அது ஒரு பந்துக்காகத்தான்.

கோல்ட்ஸ் ரசிகர்கள்

இவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 45-7 என்று அடிவாங்கிய பிறகு புகார் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? தோற்றவன் சாக்கு என்று சிரித்தார்கள். இறுதிக்கு முந்தைய சுற்று வரை வந்ததைக் குறித்துத் தங்கள் ஸ்டேடியத்தில் அணி தொங்கவிட்ட பேனரும் கேலிப்பொருளானது. 2015 அக்டோபர் 18இல் பேட்ரியட்ஸ் இண்டியானாபொலிஸ் போனபோது பழிதீர்க்கும் நாள் என்று ஊரே காத்திருந்தது. பிரேடியை ஏளனக் கூச்சலோடு வரவேற்றார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள், 34-27 என்று தோற்றார்கள். ஆனால் அந்த இரவில் நினைவில் நிற்பது ஏமாற்று உத்தியாகப் போட்ட ஒரு வினோத வரிசை பிசகி, கோல்ட்ஸே எதிரணிக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த காட்சிதான். விதியை மீறினார்களா என்று பாருங்கள் என்று முறையாகக் கேட்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை அவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

ஒரே படம், இரண்டு ஆட்டம்

1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகள் இதே விளையாட்டில் மோதின. முரட்டு ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மயருக்கு மூக்கு உடைந்தது. உளவியலாளர்கள் ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் ஹேட்லி கான்ட்ரிலும் ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் வீரர்கள் செய்ததாக டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

அறுபது வருஷம் கழித்து அதே டார்ட்மவுத்தின் அரசியல் அறிவியலாளர்கள் ஜான் கேரியும் பிரெண்டன் நைஹானும் சகாக்களோடு டிஃப்ளேட்கேட்டை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். யார் எந்த அணிப் பக்கம் என்பதே அவர்கள் எதை நம்புகிறார்கள் என்பதைப் பெரிதும் தீர்மானித்தது. இது எதிர்பார்த்ததுதான். அப்புறம் வந்ததுதான் யோசிக்க வைக்கிறது: ஆட்டத்தில் ஆர்வம் அதிகம் உள்ளவர்களிடம்தான் பிளவும் அதிகம். விஷயம் தெரிந்தவர்கள் நடுவில் வந்து சந்திப்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்தது தலைகீழ். கேஜ், ஊசி, அழுத்தம் எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் தங்கள் பக்கத்துக்குத் தேவையான எண்ணை எடுத்துக்கொண்டார்கள். 11.49 ஒருவருக்கு, 11.11 இன்னொருவருக்கு. ஆண்டர்சன் ஒரு தாளில் 11 வரி எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று செத்துப்போயிருக்கும்.

2015 சீசனிலிருந்து பந்துகளை எண் போட்டுப் பதிவு செய்யும் முறை வந்தது. சில ஆட்டங்களில் இடைவேளையிலும் அளந்து பார்த்தார்கள். குளிரில் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த எண்களை லீக் வெளியிடவில்லை.

கோமாளி மூக்கு

2016 ஜூலையில் பிரேடி வழக்கைக் கைவிட்டு 4 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். அவர் இல்லாமல் அணி மூன்றில் ஜெயித்தது. அக்டோபர் 9இல் கிளீவ்லாந்தில் திரும்பி வந்து 406 கெஜம் எறிந்தார். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டனில் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் 28-3 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 34-28 என்று ஜெயித்தது பேட்ரியட்ஸ். கோப்பையைக் கொடுக்கக் குடெல் மேடை ஏறியபோது எழுந்த கூச்சலில் அவர் பேசியது காதில் விழவில்லை. இரண்டு வருஷம் ஃபாக்ஸ்பரோவுக்கு வராமல் தவிர்த்தவர் அவர். அந்த ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு வாரம் அட்லாண்டா ஆட்டங்களுக்குத்தான் போனார். 2017 செப்டம்பரில் ஒருவழியாக வந்தார். குடெல் முகத்தில் சிவப்புக் கோமாளி மூக்கு வரைந்த துண்டுகளைப் பார்ஸ்டூல் ஆட்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தார்கள். மைதானத்தைச் சுற்றி அந்த மூக்குகள் அசைந்துகொண்டிருந்தன. அன்று பேட்ரியட்ஸ் கேன்சஸ் சிட்டியிடம் 42-27 என்று தோற்றது.

2024 ஜூன் 12. பிரேடி ஓய்வு பெற்றாயிற்று, பெலிசிக்கும் போய்விட்டார். பிரேடியை அணியின் புகழ் மண்டபத்தில் சேர்க்க அதே ஜில்லெட் ஸ்டேடியத்தில் விழா, மேடையில் பாராட்டுகள், பழைய தோழர்கள். குடெல் பெயரைச் சொன்னார்கள். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அதே கூச்சல், இந்தத் தடவையும் முழு ஸ்டேடியத்திலிருந்தும் எழுந்தது.